தலைச்சுற்று என்று வருபவரின் கண்களைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவக் கேள்வி பதிலில், படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றுவதாகவும் ஒரு நிமிடத்துக்குள் அது நின்றுவிடுவதாகவும் ஒரு வாசகி எழுதியிருந்தார். பிரஷர் பாருங்கள், சீனி பாருங்கள், இரும்புச்சத்துள்ள உணவு சாப்பிடுங்கள், ஓய்வெடுங்கள் என்று பதில் வந்திருந்தது. இவற்றில் பிழையான ஆலோசனை எதுவும் இல்லை. ஆனால் தன் நோய் எங்கே இருக்கக்கூடும் என்பதை அந்த வாசகி ஒரே வசனத்தில் சொல்லியிருந்தார். பதிலில் அந்த வசனத்தை யாரும் தொடவே இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லை என்றால் இரண்டு வாரங்களாகப் பிரித்தாவது வெளியிடுங்கள்.

நான் வைத்தியர் அல்ல. கொழும்பில் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஆனால் தலைச்சுற்றினால் துன்பப்பட்ட இருவரை மிக அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். என் அக்கா ஒருவர். எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் ஒரு பெரியவர் மற்றவர். நான் சொல்ல வருவது ஒன்றுதான். தலைச்சுற்று என்று ஒருவர் வந்தால், கையில் பிரஷர் பட்டி கட்டுவதோடு நின்றுவிடாமல், தலை அசையும்போது அவருடைய கண்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். அதற்கு இயந்திரம் வேண்டாம். பல நேரங்களில் நோய் காதிலா மூளையிலா என்பதைக் கண்களே சொல்லிவிடும்.

எப்படி என்று கேட்கும் வாசகர்கள் கையில் உள்ள இந்தப் பத்திரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். கை நீட்டும் தூரத்தில் பிடித்து, தலையை அசைக்காமல், பத்திரிகையை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்துகள் கலைந்து வெறும் சாம்பல் பட்டையாகிவிடும். இப்போது பத்திரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு, "இல்லை" என்று சொல்வதுபோல் தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். இந்த வரியைச் சிரமமில்லாமல் படிக்கலாம். எழுத்துக்கும் தலைக்கும் இடையிலான அசைவு இரண்டு தடவையும் ஒன்றுதான். முதல் தடவை கலங்கியது இரண்டாம் தடவை ஏன் கலங்கவில்லை?

முதல் தடவை, கண் பார்த்து, அந்தச் செய்தி மூளையின் பின்பகுதிக்குப் போய், "எழுத்து இடப்பக்கம் நகர்கிறது, துரத்து" என்ற கட்டளை திரும்பி வரவேண்டியிருந்தது. அதற்கு ஏறத்தாழ 100 மில்லிசெக்கன் ஆகும். அதற்குள் எழுத்து மறுபக்கம் போய்விடுகிறது. இரண்டாம் தடவை மூளை கண்ணின் செய்திக்காகக் காத்திருக்கவில்லை. தலை திரும்புவதை உட்செவி நேரடியாக அறிவித்தது. சுமார் 10 மில்லிசெக்கனுக்குள் கண்கள் எதிர்ப்பக்கம், அதே வேகத்தில் திரும்பிவிட்டன. இருட்டிலும் இது நடக்கும், கண்களை மூடியிருந்தாலும் நடக்கும். நாம் நினைக்காமலே உடல் தானாகச் செய்யும் தெறிவினைகளில் மிக விரைவானவற்றில் இது ஒன்று. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் குலுங்கிக் குலுங்கிப் போகும்போது எதிரே வரும் பஸ்ஸின் இலக்கத்தை உங்களால் வாசிக்க முடிகிறது என்றால், அதற்குக் காரணம் உங்கள் கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் அல்ல, உங்கள் இரண்டு காதுகளும்தான்.

உட்செவியில் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் கால்வாய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்தவை. தலையை எந்தத் தளத்தில் திருப்பினாலும் ஏதோ ஒரு கால்வாயாவது அதை உணரும். உள்ளே அகநிணநீர் என்ற திரவம் நிரம்பியிருக்கிறது. வகுப்பில் இதை விளக்க நான் ஒரு பிளேன்டியைத்தான் மேசையில் வைப்பேன். மேலே மிதக்கும் தேயிலைத் துணுக்கைப் பார்த்துக்கொண்டு குவளையைச் சட்டென்று திருப்பினால், குவளை திரும்பும், துணுக்கு இருந்த இடத்திலேயே நிற்கும். கால்வாயிலும் அதுதான். தலை திரும்புகிறது, திரவம் பின்தங்குகிறது, பின்தங்கிய திரவம் ஒரு மெல்லிய சவ்வை வளைக்கிறது, அதனுள் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்க்கலங்கள் சாய்கின்றன, நரம்பு செய்தி அனுப்புகிறது.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். எனக்கு வியப்பு கூடுவது இதற்குப் பிறகுதான்.

தலை அசையாமல் இருக்கும்போதும் இந்த நரம்பு ஓய்வதில்லை. குரங்குகளில் அளந்து பார்த்தபோது, ஓய்வு நிலையிலேயே ஒரு நரம்பு நார் செக்கனுக்குச் சராசரியாக 90 கணத்தாக்கங்கள், அதாவது சிறு மின் துடிப்புகள், வரை அனுப்புவது தெரியவந்தது. தலை வலப்பக்கம் திரும்பினால் வலக்காதின் எண்ணிக்கை கூடும், இடக்காதின் எண்ணிக்கை குறையும். மூளைத் தண்டில் உள்ள சமநிலைக் கருக்கள் என்ற நரம்புக் கலத் திரள்கள் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கணக்கில் எடுக்கின்றன. வலப்பக்கம் கூடினால், அங்கிருந்து கட்டளை மூளைத் தண்டைக் குறுக்காகக் கடந்து, இடக்கண்ணை வெளிப்புறமாக இழுக்கும் தசையின் நரம்புக் கருவுக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு கிளை மறுபடியும் கடந்து வந்து வலக்கண்ணை மூக்குப் பக்கமாக இழுக்கிறது. இரண்டு கண்களும் சேர்ந்து இடப்பக்கம் திரும்புகின்றன. காதிலிருந்து கண் தசை வரைக்கும் மூன்றே மூன்று நரம்புக் கலங்கள்தான் இந்தப் பாதையில் இருக்கின்றன. 1933இல் லொரெந்தே டி நோ என்ற ஸ்பானிய விஞ்ஞானி இந்த வளைவை விளக்கமாக எழுதினார். இவ்வளவு குறுகிய பாதை என்பதால்தான் இவ்வளவு விரைவு.

ஒரு சிக்கலும் இருக்கிறது. கால்வாய்கள் அறிவிப்பது தலையின் வேகத்தை. திரும்பிய கண்ணை அங்கேயே பிடித்து வைத்திருக்கவோ தசைக்கு நிலை தெரியவேண்டும். வேகத்திலிருந்து நிலையைப் பெறுவதற்கு என்ன செய்யவேண்டும் என்று இணைந்த கணிதம் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: தொகையிட வேண்டும். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் ரொபின்சன், பொறியியல் படித்துவிட்டுக் கண் அசைவுக்கு வந்தவர். மூளைத் தண்டில் தொகையீடு செய்யும் ஒரு நரம்பு வலையமைப்பு இருந்தே ஆகவேண்டும் என்று 1960களில் காட்டினார். பிற்பாடு அது இருக்கும் கருக்களும் அடையாளம் காணப்பட்டன. தொகையீடு வாழ்க்கையில் எதற்கு உதவப்போகிறது என்று முகம் சுளித்த மாணவிகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். நீ என்னைப் பார்த்து முகம் சுளிக்கும் அந்த நேரத்திலும் உன் மூளைத் தண்டு தொகையிட்டுக்கொண்டுதான் இருக்கிறது, பிள்ளை.

இனி அக்காவின் கதை. பம்பலப்பிட்டியில் மகனோடு இருக்கிறார். ஒருநாள் விடியற்காலை எழும்பி உட்கார்ந்தவர், கூரை சுழல்வதாகச் சொல்லிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார். ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் சனல் செய்து காட்டினோம். பிரஷர் சற்றுக் கூட இருந்தது, அவ்வளவுதான். அதற்குக் குளிசை. தலைச்சுற்றுக்கு வேறொரு குளிசை. பிறகு கழுத்தெலும்புத் தேய்மானம் என்றார்கள். கழுத்துப் பட்டி வந்தது. அந்தக் குளிசை குடித்தால் அக்கா நாள் முழுக்கத் தூங்கி வழிவார். குடிக்காவிட்டால் பயம். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். அலமாரியின் மேல்தட்டைப் பார்ப்பதை நிறுத்தினார். உட்கார்ந்துகொண்டே தூங்கப் பழகினார். அத்தனை நாளிலும், அத்தனை அறைகளிலும், அவருடைய தலையைச் சாய்த்துக் கண்களைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது அம்மா?" என்பதுதான். அக்காவைக் கட்டிலில் நேராக உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, "என் நெற்றியைப் பாருங்கள், என்ன வந்தாலும் கண்ணை மூடவேண்டாம்" என்று சொல்லி, சட்டென்று பின்னால் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கியது. முதல் சில செக்கன் ஒன்றும் இல்லை. பிறகு தொடங்கியது. அருகில் குனிந்து நானும் பார்த்தேன். கருவிழி மெல்லச் சுழன்று போவதும், வெடுக்கென்று திரும்பி வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு வெடுக்கிலும் கருவிழியின் மேல்விளிம்பு நிலத்தைப் பார்த்திருந்த வலக்காதை நோக்கிச் சுழன்றது, கண் மேல்நோக்கியும் துள்ளியது. வெள்ளைவிழியில் இருந்த ஒரு சின்னஞ்சிறு சிவப்பு நாளத்தின் மேல் பார்வையை வைத்திருந்தால் அந்தச் சுழற்சி தெளிவாகத் தெரிந்தது. அக்கா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். வேகம் கூடி, குறைந்து, அரை நிமிடம் ஆவதற்குள் அடங்கிவிட்டது. "பின் கால்வாய், வலப்பக்கம்" என்றார் வைத்தியர்.

பார்த்த மாத்திரத்தில் அவர் எப்படிச் சொன்னார்? எந்தக் கால்வாய் தூண்டப்படுகிறதோ அந்தக் கால்வாயின் தளத்திலேயே கண் அசையும். 1892இல் எவால்ட் என்ற ஜேர்மன் உடலியலாளர் புறாக்களில் கண்டு எழுதியது இது. ஆறு கால்வாய்களும் ஆறு விதமாகக் கண்ணை அசைக்கும் என்றால், கண் அசையும் விதத்தைக் கொண்டு கால்வாயைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். அக்காவின் காதில் நடந்தது இதுதான். ஈர்ப்பை உணர்வதற்காக உட்செவியில் வேறொரு பகுதி இருக்கிறது. அங்கே கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் ஒரு படலத்தின் மேல் பதிந்திருக்கும். வயதாலோ தலையில் அடிபட்டோ, பல வேளைகளில் காரணமே தெரியாமலோ, சில பளிங்குகள் கழன்று பின் கால்வாய்க்குள் விழுந்துவிடுகின்றன. படுக்கும்போது அவை உருளுகின்றன, திரவத்தை இழுக்கின்றன. தலை சுற்றுவதாக அந்தக் காது அறிவிக்கிறது. மூளை அதை நம்பிக் கண்களைத் திருப்புகிறது. கண்கள் திரும்பத் திரும்ப, அறை சுழல்கிறது. பளிங்குகள் அடியில் தங்கியதும் எல்லாம் நின்றுவிடுகிறது.

இந்தச் சாய்த்துப் பார்க்கும் பரிசோதனையை மார்கரெட் டிக்ஸ், சார்ள்ஸ் ஹோல்பைக் என்ற இருவர் லண்டனில் 1952இல் விவரித்தார்கள். சிகிச்சையை அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து வைத்தியர் ஜோன் எப்லி கண்டுபிடித்தார். தலையைக் குறித்த வரிசையில் திருப்பித் திருப்பி, பளிங்குகளை வந்த வழியே வெளியேற்றும் முறை. குளிசையும் இல்லை, கத்தியும் இல்லை. சக வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பவில்லை. அவருடைய கட்டுரை 1992இல்தான் அச்சேறியது. அக்காவுக்கும் அதையே அந்தக் கட்டிலில் வைத்துச் செய்தார்கள். சில நிமிட வேலை. அன்று இரவு அவர் படுத்துத் தூங்கினார். இந்தப் பளிங்குகள் மறுபடி கழன்று வருவது உண்டு என்பதையும் சொல்லவேண்டும். வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம்.

கண்ணைப் பார்த்துக் காதை அறியும் இந்தக் கலைக்கு அடித்தளம் போட்டவர்களில் ரொபேர்ட் பாராணியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வியன்னாவில் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் வேலையில் இருந்த இளம் வைத்தியர். கழுவும்போது பலருக்குத் தலை சுற்றியது, கண்கள் துடித்தன. தண்ணீர் குளிர்கிறது என்று ஒருவர் முறையிட, அடுத்து வெந்நீரைக் கூட்டிப் பாய்ச்சியபோது கண்கள் எதிர்ப்பக்கமாகத் துடிப்பதைக் கவனித்தார். குளிர்ந்த திரவம் கனத்து இறங்கும், சூடான திரவம் இலேசாகி ஏறும். தலையைத் திருப்பாமலேயே கால்வாயில் ஓட்டத்தை உண்டாக்கலாம், ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கலாம் என்று அதிலிருந்து அறிந்தார். அதற்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார். 1916இல் விடுதலையான பிறகுதான் பரிசைப் பெற முடிந்தது. நம் ஊர்களிலும் காது கழுவுகிறார்கள். தண்ணீர் உடல் வெப்பத்தில், 37 பாகையில், இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாராணியின் பரிசோதனை உங்களுக்கும் நடந்துவிடும்.

தொடர்மாடிப் பெரியவரின் துன்பம் வேறு வகை. கடுமையான தொற்று ஒன்றுக்காக ஒரு வைத்தியசாலையில் பல நாட்கள் ஜென்டமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டார்கள். உயிர் தப்பினார். வீட்டுக்கு வந்த பின், கண்பார்வை கெட்டுவிட்டது என்று சொல்லத் தொடங்கினார். கண்ணாடிக் கடையில் சுவர் அட்டையின் கடைசி வரி வரை படித்தார். புதுக் கண்ணாடி வாங்கினார், மாற்றினார், மறுபடி மாற்றினார். ஒரு மாலை மரைன் டிரைவில் என்னோடு நடந்தவர், "டீச்சர், நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. நடந்தால் போர்டில் உள்ள எழுத்தெல்லாம் குதிக்கிறது. எதிரே வருகிற ஆள் யாரென்று நின்றுதான் பார்க்கவேண்டியிருக்கிறது" என்றார்.

ஜென்டமைசின் சில பேருக்கு உட்செவியின் மயிர்க்கலங்களை அழித்துவிடும். கேட்கும் பகுதியைவிடச் சமநிலைப் பகுதிக்குத்தான் அதனால் வரும் ஆபத்து அதிகம். அதனால் காது நன்றாகக் கேட்கும், கேட்டல் பரிசோதனையில் குறை தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் கெட்டுப்போனால் தலையும் சுற்றாது. ஏனென்றால் மூளை பார்ப்பது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. இரண்டும் சேர்ந்து மௌனமாகிவிட்டால் வித்தியாசம் இல்லை, சுழற்சியும் இல்லை. தலை சுற்றவில்லை, காது கேட்கிறது, கண் பரிசோதனை சரி. யாருக்குத்தான் காதில் சந்தேகம் வரும்? ஆனால் தெறிவினை போய்விட்டதால், ஒவ்வொரு அடிக்கும் தலை மேலும் கீழும் அசைய, கண்ணும் கூடவே போகிறது. உலகம் குதிக்கிறது. இருட்டில் கால் தடுமாறுகிறது.

1952இல் ஜே. சி. என்ற முதலெழுத்துகளை மட்டும் போட்டு ஓர் அமெரிக்க வைத்தியர் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் தன் கதையை எழுதினார். ஜென்டமைசினின் வகையைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோமைசின் அவருடைய சமநிலை உறுப்புகளை அழித்துவிட்டது. படுக்கையில் கிடந்து புத்தகம் படிக்கவும் முடியவில்லை. நாடித் துடிப்பினால் தலை அசையும் அந்த அணுவளவு அசைவுக்கே எழுத்துகள் ஆடின. கட்டில் தலைமாட்டில் இருந்த இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு இடையே தலையை முட்டுக்கொடுத்துத்தான் படித்தார். அந்தத் தெறிவினை நமக்காக எவ்வளவு உழைக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது. அவர் தன் அனுபவத்தை எழுதி எழுபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. நம் பெரியவர் இன்னமும் கண்ணாடிக் கடைக்கு அலைந்துகொண்டிருந்தார்.

ஜென்டமைசின் வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அது உயிர் காக்கும் மருந்து, பல நேரங்களில் வேறு வழியும் இருப்பதில்லை. ஊசி போடும் நாட்களில் தினமும் நோயாளியை நிற்கவைத்து, நடக்கவைத்து, "எழுத்து ஆடுகிறதா?" என்று தாதி ஒரு கேள்வி கேட்டால் போதும். நிற்கமுடியாதவராக இருந்தால் படுக்கையிலேயே தலையை மெல்ல அசைத்துப் படிக்கச் சொல்லலாம். இழந்த மயிர்க்கலங்கள் மனிதரில் பயன்படும் அளவுக்குத் திரும்பி முளைப்பதில்லை. ஆகவே நேரத்தோடு கேட்பது முக்கியம்.

கெட்ட பிறகும் வழி இல்லாமல் இல்லை. சிறுமூளை இந்தத் தெறிவினையை வாழ்நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குள் விழும் படிமம் நழுவினால், எவ்வளவு நழுவியது என்று பார்த்து அடுத்த தடவை அளவைக் கூட்டும், குறைக்கும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மெல்வில் ஜோன்சும் கொன்ஷரும், இடத்தை வலமாகக் காட்டும் கண்ணாடியைச் சிலருக்கு நாட்கணக்கில், வாரக்கணக்கில் அணிவித்தார்கள். அவர்களுடைய தெறிவினை, இருட்டில் சோதித்தபோதும், தலைகீழாக மாறத் தொடங்கியிருந்தது. புதுக் கண்ணாடி போட்டால் நிலம் மிதக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கழற்றி மேசையில் வைத்துவிடுகிறார்களே, அதுவும் இதே விஷயம்தான். வில்லையின் பலம் மாறினால் கண் திரும்பவேண்டிய அளவும் மாறுகிறது. கண்ணாடியை விடாமல் சில நாட்கள் அணிந்தால்தான் சிறுமூளை புதுக் கணக்கைப் படிக்கும். கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் தடுமாற்றத்திலும் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது.

இதே திறனை நம்பித்தான் பயிற்சிகளும். 1940களில் இங்கிலாந்தில் கோதோர்ன், குக்சி என்ற இருவர் தலையில் காயப்பட்டவர்களுக்காக இவற்றைத் தொடங்கினார்கள். இப்போது பெரியவர் தினக் கலண்டரின் இலக்கத்தைக் கிழித்துக் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறார். கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போட்டு உட்கார்ந்து, இலக்கத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல் தலையை இடமும் வலமுமாக, பிறகு மேலும் கீழுமாக அசைக்கிறார். எழுத்து கலங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே நின்றுகொள்ளும்படி இயன்மருத்துவர் சொல்லியிருக்கிறார். இப்போது கழுத்திலிருந்து வரும் செய்தியையும் பார்வையையும் கொண்டு மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சமாளிக்கிறது. முழுச் சுகம் இல்லை. கடைப் பக்கம் தனியே போய் வருகிறார்.

இங்கே குளிசைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடுமையாகச் சுற்றி, சத்தி எடுக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அவை பெரிய உதவி. மாதக்கணக்கில் குடித்தால், சமநிலைக் கருக்களை மந்தப்படுத்தி, மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும் அந்த வேலையையே தாமதப்படுத்திவிடும். பாமசியில் பழைய துண்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் தலைச்சுற்றுக் குளிசை வாங்குபவர்கள் வெள்ளவத்தையில் குறைவில்லை. வைத்தியரிடம் ஒருதடவை திரும்பப் போய்க் கேளுங்கள். நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

எல்லாத் தலைச்சுற்றும் காதில் இருந்து வருவதில்லை. சிறுமூளைக்கோ மூளைத் தண்டுக்கோ இரத்தம் தடைப்பட்டாலும் மணிக்கணக்கில் விடாமல் சுற்றும். இங்கேயும் கண்தான் சொல்லும், ஆனால் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக. வைத்தியர் நோயாளியைத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லி, தலையைப் பிடித்து ஒரு பக்கம் சட்டென்று சிறிதளவு திருப்புவார். காது நரம்பு பழுதாகியிருந்தால், அந்தப் பக்கம் திருப்பும்போது கண்கள் தலையோடு போய்விட்டுப் பின் ஒரு துள்ளலில் மூக்குக்குத் திரும்பும். ஹல்மாகி, கேர்தோய்ஸ் என்ற இருவர் 1988இல் விவரித்த பரிசோதனை இது. விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒருவரில் இந்தத் துள்ளல் இல்லாமல், கண்கள் மூக்கிலேயே நின்றுவிட்டால், காது வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் கோளாறு மூளையில் இருக்கலாம். இதோடு, கண் துடிப்பின் திசை மாறுகிறதா, இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பயிற்சி பெற்ற ஒருவர் தொடக்க மணித்தியாலங்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தைவிடவும் நன்றாகப் பக்கவாதத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று 2009இல் ‘ஸ்ட்ரோக்’ ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளியானது. தயவுசெய்து இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம், அதுவும் கழுத்துக் கோளாறு உள்ளவர்களின் தலையைத் தொடவே வேண்டாம். தலைச்சுற்றோடு பேச்சுக் குழறினாலோ, பொருட்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, ஒருபக்கம் சோர்ந்தாலோ, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமற்போனாலோ, பித்தம் என்று தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டிராமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

கேள்வி கேட்டிருந்த அந்த வாசகிக்கு: சகோதரி, நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் என் அக்காவுக்கு வந்ததுதான் உங்களுக்கும் வந்திருக்கக்கூடும். நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. காது மூக்கு தொண்டை கிளினிக் ஒன்றுக்குப் போங்கள். எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, மேலே அண்ணாந்து பார்த்தாலும் வருகிறதா, அண்மையில் விழுந்தீர்களா, ஊசிகள் ஏதும் போட்டீர்களா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியர் அவசரத்தில் இருந்தால், என்னைச் சாய்த்துக் கண்களை ஒருக்கால் பாருங்கள் ஐயா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வைத்தியர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் காலை வேளை எப்படி இருக்கும் என்று பார்த்தவள்தான். ஆனாலும் சாய்த்துப் பார்க்க ஆகும் நேரம் இரண்டு நிமிடம். பார்க்காமல் விட்டால் அதே நோயாளி அதே வரிசையில் மாதாமாதம் வந்து நிற்பார். உயர்தரப் பாடத்திலும் இந்தத் தெறிவினைக்கு ஓர் இடம் கொடுக்கலாம். முழங்காலைத் தட்டிக் காலை உதைக்கவைப்பதை எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பத்திரிகையை ஆட்டிப் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் செய்யலாம்.

ஆசிரியர் ஐயா, தங்கள் மருத்துவப் பகுதியில் இதைப் பற்றி ஒரு காது மூக்கு தொண்டை நிபுணரையும் ஒரு நரம்பியல் நிபுணரையும் கொண்டு விரிவாக எழுதுவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கால்வாய்களின் அமைப்பையும், காதிலிருந்து கண் தசைக்குப் போகும் பாதையையும் மாணவிகளுக்காக நான் கையால் வரைந்த படங்கள் பத்திரமாக இருக்கின்றன. வேண்டும் என்றால் ஆசிரியபீடத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.